உனைசி கேட்டு வாங்கிய தடை

“படகு இல்லாத காவக்காரிய எந்த ஊர்லயாச்சும் பாத்திருக்கியாடி?”

உனைசி மதினி இதை யாரிடமெல்லாம் சொன்னாள் என்று எழுதுவதைவிட, யாரிடம் சொல்லவில்லை என்று எழுதுவது சுலபம். போதகரிடம் சொன்னாள். சாமான் கப்பலில் வந்து இறங்கிய அரிசி வியாபாரியிடம் சொன்னாள். விரலில் குத்தி ரத்தம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸிடமும் சொன்னாள். நர்ஸ், “சக்கரை ஏறிக்கெடக்கு, அதப் பாருங்க முதல்ல” என்றதற்கு, “படகு குடுத்திருந்தா துடுப்புப் போட்டே எறங்கியிருக்கும்” என்றாள்.

மூக்கை ஒருதரம் உறிஞ்சி, மோவாயைத் தூக்கி, கடைசி எழுத்தை வலை இழுப்பதுபோல இழுத்துவிட்டால் அது மதினி. நான் செய்து காட்டும்போது யங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற ஆண்கள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். மதினியும் சிரிப்பாள். “நல்லாத்தான் பண்ற. ஆனா எனக்கு இவ்ளோ கீச்சுக் குரல் கெடையாது” என்று கீச்சுக் குரலில் சொல்வாள்.

அவள் என் அண்ணன் எபராமாவின் மனைவி. மதினியை நாத்தனார் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அவளும் திருப்பிச் செய்யலாம். ஆனால் அண்ணனிடம் நான் நேராகப் பேசக்கூடாது. பெரியவர்களான பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது எங்களுக்கு மரியாதை இல்லை. அண்ணனுக்கு நான் ஏதாவது சொல்லவேண்டுமானால் மதினி வழியாகத்தான் போகும். போகிற வழியில் அவள் கொஞ்சம் உப்பும் மிளகாயும் சேர்த்துவிடுவாள்.

மதினி மலைக்காரி. கல்யாணமாகி எங்கள் நாவுனிவிக்கு வந்தபோது நீந்தத் தெரியாது. கடைசிவரை தெரியாது. ஒரு காலி எண்ணெய் டின்னை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைத்து மிதப்பாள். கரையில் நின்று பிள்ளைகள், “கப்பல் வருது, கப்பல் வருது” என்று கத்துவார்கள். “ஆமாடா, உங்கப்பன் கடனை வசூல் பண்ண வருது” என்று கடலுக்குள்ளிருந்தே பதில் வரும்.

ஊருக்கு எதிரே இருக்கிற வாத்துலோவா தீவுக்கு அவள் காவல்காரி ஆனது ஒரு சண்டையில்தான். அந்தத் தீவில் வோகாய் உண்டு. பச்சை உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, கழுத்திலிருந்து முதுகுவரை முள் கொண்டை வைத்த பெரிய ஓணான். பக்கத்துத் தீவுகளில் ஒரு காலத்தில் இருந்து, பூனையாலும் காட்டுத்தீயாலும் ஆட்டுக் கூட்டத்தாலும் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வாத்துலோவாவில்தான் மிச்சம். தலைநகரம் சூவாவிலிருந்து ஆபீஸ்காரர்கள் யங்கோனா வேர்க்கட்டோடு வந்து, சபையில் வைத்து, முறையாகக் கேட்டார்கள். முதலில் தீவில் மேய்ந்த எங்கள் ஆடுகளை ஊருக்குக் கொண்டுவந்தோம். அதற்கே ஊரில் பாதிப்பேர் முறைத்தார்கள். அடுத்து, இருட்டியபிறகு டார்ச் அடித்து, கிளையில் தூங்குகிற ஓணான்களை எண்ண ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

சபை நிறைய ஆம்பளைகள். ஒருத்தனுக்கு முதுகுவலி. ஒருத்தனுக்கு இருட்டில் கண் தெரியாது. சுறாவைக் கையால் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறவனுக்குத் திடீரென்று பைபிள் வகுப்பு. நிஜம் என்னவென்றால் எல்லோருக்கும் பயம். வோகாய் பாய்ந்து ஒட்டிக்கொண்டால் தோலோடுதான் வரும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். பெண்களுக்கு அதன் பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும்.

கதவோரம் கிழங்குத் தட்டை வைத்துக்கொண்டிருந்த மதினி எழுந்தாள்.

“நான் போறேன். மாமியாரோட பதினெட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்தவ நான். ஓணானாச்சும் எப்பவாவது கண்ணச் சிமிட்டும்.”

எங்கள் அம்மா மூன்றாவது பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சிமிட்டவில்லை.

ஆபீஸ் அவளுக்கு டார்ச், மழைக்கோட்டு, தூரப் பார்க்கிற கண்ணாடி எல்லாம் கொடுத்தது. படகு மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் படகுக்கு நெமானியிடம் போய் நிற்கவேண்டும். நெமானி ஊர்த்தலைவரின் பேச்சாளர். தலைவர் சபையில் வாய் திறக்கமாட்டார். அவர் சொல்ல வேண்டியதை நெமானிதான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் பெட்ரோல் இல்லை என்பதைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, முன்னோர்களைத் துணைக்கு அழைத்துத்தான் சொல்வார்.

நான் ஒருதரம் மதினியோடு தீவுக்குப் போனேன். பூவரச மரத்தில் ஒரு ஆண் ஓணான் மஞ்சள் பூவைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டியது. நானும் கழுத்தை விறைத்துக்கொண்டு அதேபோல ஆட்டினேன். அது மெல்ல மெல்லக் கறுத்து, தார் பூசின மாதிரி ஆகிவிட்டது.

“கோவம் வந்துருச்சு அவனுக்கு. உங்க அண்ணனும் இப்படித்தான். சத்தம் போடமாட்டாரு, கறுத்துருவாரு” என்றாள் மதினி.

“எத்தன இருக்கும் மதினி மொத்தம்?”

“நாப்பது. என் கல்யாணத்துக்கு உங்க வீட்டுலருந்து வந்த கூட்டத்துல பாதி. ஆனா ஒழுங்கா சாப்புடுதுங்க.”

அவள் அதுகளைக் கொஞ்சியதில்லை. பெயர் வைத்ததில்லை. ஆனால் தீவில் எவனாவது நெருப்பு மூட்டினான் என்று கேள்விப்பட்டால், அவன் வீட்டு வாசலில் நின்று அவன் தாத்தாவரைக்கும் இழுத்துத் திட்டுவாள். வருஷத்துக்கு ஒருதரம் யாராவது மூட்டத்தான் செய்தார்கள். நண்டு சுட, கொசு விரட்ட, சும்மா எரிவதைப் பார்க்க.

தலைவர், ராத்து பட்டம் கட்டின கினிஜோஜி, இறந்தபோதுதான் மதினிக்கு அந்த யோசனை வந்தது.

தலைவர் இறந்தால் நூறு ராத்திரிக்குக் கடலை மூடுவோம். பாறைத் திட்டில் யாரும் வலை போடக்கூடாது, கால் வைக்கக்கூடாது. படகில் தாண்டிப் போகலாம், இறங்கக்கூடாது. நூறாவது ராத்திரி முடிந்ததும் திறந்து, கொழுத்துக் கிடக்கிற மீனையெல்லாம் பிடித்து, அவர் பெயரால் பெரிய விருந்து. தடையை மீறினவனுக்கு உடம்பு வீங்கும், இல்லாவிட்டால் அவன் வீட்டில் ஒரு உயிர் போகும். இதைக் கதை என்று சிரிக்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நானும் சிரித்ததில்லை.

மதினி அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். பெரிய வேண்டுதல்களுக்கு முன்வைக்கிற, வீட்டில் இருந்த ஒரே திமிங்கலப் பல்லை, அவர்கள் கல்யாணத்துக்கு வந்ததை, எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கடலோடு சேர்த்து வாத்துலோவாவுக்கும் தடை கட்டவேண்டும் என்று கேட்கச் சொன்னாள். அண்ணன் தலைவரின் பங்காளி. இறந்தவருக்கு அது கூடுதல் மரியாதை. பெரியவர்களுக்கு மனசு குளிர்ந்தது. நெமானி பல்லை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, கால்மணி நேரம் பேசினார்.

“காசில்லாத வேலி எப்படி? நூறு ராத்திரிக்கு ஒருத்தன் தீப்பெட்டியோட எறங்கமாட்டான். முட்டை போடுற சமயம் வேற. நிம்மதியா தோண்டிப் போடுவாளுக” என்று மதினி என்னிடம் பெருமையடித்தாள். சூவா ஆபீஸ் தம்பிக்குப் போன் போட்டும் சொன்னாள். அவன் பாராட்டினானாம்.

தடைக்கம்பு நட நெமானியின் படகுதான் போனது. கருங்கம்பு, அதைச் சுற்றித் தென்னங்குருத்துப் பாவாடை. நட்டுவிட்டு வந்தார்கள். நாங்கள் பெண்கள் பந்தலில் அழுது முடித்துக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து நெமானியின் மனைவி வாசிதி பூனையைத் தேட ஆரம்பித்தாள். பிஸ்கட் என்று பெயர். ஆரஞ்சு நிறம், வயிறு நிறையக் குட்டி. வாசிதிக்குப் பிள்ளை இல்லை. பூனைக்குத் தேங்காய்ப்பாலில் மீன் கரைத்து ஊட்டுகிறவள். “பிஸ்கட், பிஸ்கட்” என்று அவள் கூப்பிட்டுக்கொண்டு போனால் தெருப்பிள்ளைகள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு ஓடிவரும்.

அந்த வாரக் கடைசியில் மதினியும் நானும் கரையில் துணி அலசிக்கொண்டிருந்தோம். அவள் கண்ணாடியை எடுத்து வழக்கம்போலத் தீவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

தடைக்கம்புக்குக் கீழே, குருத்தோலை நிழலில், பிஸ்கட் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

படகின் முன்பக்கப் பலகைக்கு அடியில் குட்டி போட இடம் பார்த்துப் படுத்திருந்திருக்கவேண்டும். கம்பை இறக்கும்போது அதுவும் இறங்கியிருக்கிறது. தடையைக் கொண்டுபோன படகே பூனையையும் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

“மதினி” என்றேன்.

“பேசாதடி. என்ன மாதிரியும் பேசிக் காட்டாத, யாரு மாதிரியும் பேசிக் காட்டாத. சும்மா இரு.”

அன்று சாயங்காலமே ஒரு கட்டு யங்கோனாவோடு நெமானி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உள்ளே நாலைந்து ஆண்கள் இருந்தார்கள்.

“நெமானி, ஒரே ஒரு தடவை. நான் எறங்க வேண்டாம். நீயே எறங்கு. உன் பூனை, நீ கூப்ட்டா வரும்.”

நெமானி கண்ணை மூடினார். “தடை ராத்து பேரால கட்டினது, உனைசி. அதுல நான்னு ஒருத்தன் கெடையாது, நீன்னு ஒருத்தி கெடையாது.”

“பூனைன்னு ஒண்ணு இருக்கே.”

“பூனைகிட்ட யாரும் பல்லு வாங்கலியே.”

“முட்டை போடத் தரைக்கு எறங்குற நேரம் இது. ஒண்ணு விடாம புடிச்சுரும்.”

“யாரு கேட்டது தடைய? கடலு மட்டும் போதும்னுதான் நாங்க இருந்தோம். நீ அனுப்பின பல்லு. வேணும்னா கட்டி வேணாம்னா அவுக்க அதென்ன உன் பாவாடை நாடாவா?”

ஆண்கள் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

“நாடான்னா நானே அவுத்திருப்பேன். உங்கிட்ட வந்து நின்னிருக்கமாட்டேன்.”

நெமானி அப்போது கண்ணைத் திறந்தார். சபைக் குரலை விட்டுவிட்டு மெதுவாகப் பேசினார். “என் தம்பி என்ன ஆனான்னு உனக்குத் தெரியாது, நீ அப்ப மலையில இருந்த. பழைய ராத்து செத்தப்ப, ராத்திரியில ஒரு கூடை சிப்பி பொறுக்கிட்டு வந்தான். வயிறு வீங்கி, பாயவிட்டு எந்திரிக்காமப் போயிட்டான். இன்னொருத்தர அனுப்ப என்னால முடியாது. உன்னையும்தான்.”

நெமானி பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

சூவாவுக்குப் போன் போட்டாள். ஆபீஸ் தம்பி ரொம்பப் பணிவாகப் பேசினான். அவன் குரல் எனக்கு நன்றாக வரும், தண்ணீர் கலந்த பால் மாதிரி: “ஊர் வழக்கத்த நாங்க மீறக்கூடாதுங்க அக்கா. மீறினா எந்த ஊரும் நம்மள உள்ள விடாது. நூறு நாள்தானே.”

“நூறு நாளு, நாப்பது ஓணான், தம்பி. நீ படிச்சவன். கணக்கு நீயே போடு.”

அவன் போடவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான்.

பிறகு கொஞ்ச நாள் மதினி கரையில் போய் உட்காருவாள், கண்ணாடியில் பார்ப்பாள், திரும்பி வருவாள். வாசிதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கும் காட்டு” என்று வாங்கிப் பார்ப்பாள். “மெலிஞ்சாப்ல தெரியலியே. நல்லாத்தான் இருக்கு, என் செல்லம். தடை தொறந்ததும் கூட்டியாந்துரலாம்” என்பாள். மதினி கண்ணாடியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மரமுரசு அடித்தால் நாய்கூடக் கடலைப் பார்க்காது. எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். வீட்டுக்கு ஒருத்தி மட்டும் குழியடுப்பைப் பார்த்துக்கொள்ளத் தங்கலாம். கடல் நன்றாக வற்றுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனக்குப் பல்வலி, அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாக மதினி சொன்னாள். பாட்டுக்குழுவில் அவள் இடம் காலியாக இருந்தது. அவள் இல்லாததால் பாட்டு நன்றாக இருந்ததாகக்கூட நான் வெளியே வந்து சொன்னேன்.

அவள் அந்த நேரத்தில் பாறைத்திட்டில் நடந்து, நடுவில் இருக்கிற ஆள் மூழ்கும் வாய்க்காலை எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துக் கடந்து, தீவில் ஏறியிருந்தாள். இதெல்லாம் அவளே எனக்குப் பிறகு சொன்னது.

பூவரச மரங்களுக்கடியில் வால்கள் கிடந்தனவாம். பச்சை வால்கள், சில காய்ந்தும் சில ஈரமாகவும். பாதி தோண்டின குழிகள். ஒரு குழிக்குள் தலை இல்லாத ஒரு பெண் ஓணான், வயிற்றில் முட்டைகளோடு.

“மண்ணு தோண்ட எறங்கினவளுகளத்தான் புடிச்சிருக்குடி. மரத்து மேல இருந்த ஆம்பளைங்க எல்லாம் பத்திரமா இருக்கானுக, தலைய ஆட்டிக்கிட்டு” என்றாள். அதைச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள். அது எப்போதும் உறிஞ்சுகிற மாதிரி இல்லை. அதை நான் இதுவரை செய்து காட்டினதில்லை.

அன்றைக்குப் பூனை அகப்படவில்லை. திரும்பும்போது கடல் ஏற ஆரம்பித்திருந்தது. வாய்க்காலைத் தாண்டிப் பாறையில் ஏறுகிற இடத்தில் அலை தூக்கி அடித்து, வலது உள்ளங்காலைப் பாறை கிழித்தது. எலும்புவரைக்கும் போகவில்லை, ஆனால் நீளமாக. கிழங்கு கரிந்து போயிருந்தது. அண்ணன் கரிந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார்.

அடுத்த பெரிய வற்றல் ஞாயிற்றுக்கிழமையும் பல்வலி. அந்தக் காலோடு போனாள். கிழிந்த வலையை மரத்தடியில் விரித்து, டின் மீனைத் திறந்து நடுவில் வைத்து, புதருக்குள் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட், வாசிதி ஊட்டி வளர்த்த பூனை. மனுஷியைப் பார்த்ததும் ஓடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசிக்கொண்டே மீனைத் தின்றது. குட்டிகள் ஒரு வேர்ப்பொந்தில் இருந்தன. எல்லாவற்றையும் சாக்கில் போட்டு, கல் வைத்து, வாய்க்காலில் முக்கிப் பிடித்தாள்.

“கை வழியா தெரிஞ்சுச்சுடி, ஒண்ணொண்ணா நிக்கிறது” என்றாள். “வாசிதி மொகத்த எப்படிப் பாப்பேன்னு நெனச்சேன். மறுநாளே எதுத்தாப்ல வந்தா. பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல. அதான் அசிங்கமா இருக்கு.”

அதன்பிறகுதான் பூட்ஸ் வந்தது. அண்ணன் சேற்றுவயலுக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், அதைப் போட்டுக்கொண்டே கோயிலுக்கு வந்தாள். ஊரே சிரித்தது. ஓணான் ஆபீஸ் சீருடை வந்துவிட்டது என்றார்கள். “போலீஸ்காரி, உங்க படகு எங்க?” என்று பையன்கள் கேட்டார்கள். மதினி, “உன் ஆத்தாகிட்ட கேளு, அவதான் ஓட்டிட்டுப் போனா” என்றாள். வாய் அப்படியே இருந்தது. நடைதான் மாறியது.

ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் எபராமா அண்ணன் வந்து நின்றார். நான் கதவருகே பாய் முடைந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரப்பலா மரத்தைப் பார்த்துப் பேசினார்.

“அந்த மனுஷி பூட்ஸக் கழட்டமாட்டேங்குறா. தூங்குறப்பவும் போட்டிருக்கா. வீட்டுல ஒரு நாத்தம் அடிக்குது. யாராச்சும் வந்து பாத்தா நல்லாருக்கும்.”

நான் மரத்தைப் பார்த்தே, “வர்றேன்” என்றேன். பதினைந்து வருஷத்தில் அவர் எனக்காகப் பேசின முதல் பேச்சு அது. மரம் தலையாட்டவில்லை. அவர் ஆட்டினார்.

பூட்ஸைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன். கால் கணுக்கால்வரை கறுத்திருந்தது. விரல்கள் இருந்த நிறத்தை எழுத எனக்கு இஷ்டமில்லை. அப்போதுதான் தீவுக்குப் போனது, வால்கள், சாக்கு, எல்லாவற்றையும் சொன்னாள்.

“நர்ஸ்கிட்ட போயிருக்கலாம்ல மதினி?”

“போனா, எது வெட்டுச்சுன்னு கேப்பா. பாறை வெட்டுனது பாத்ததும் தெரிஞ்சுரும். மூடிக்கெடக்குற கடல்ல பாறை எப்படிக் கால வெட்டும்? உங்க அண்ணன் ராத்துவோட பங்காளி. புது ராத்துவ உக்காத்தி வைக்கிறப்ப பக்கத்துல உக்கார வேண்டியவரு. பொண்டாட்டி தடைய ஒடச்சவன்னா அவரு எந்தப் பாயில போயி உக்காருவாரு?”

“டின்னு வெட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாம்.”

“எனக்குப் பொய் சொன்னா மொகம் கறுத்துரும். நீ சொல்லு, என் குரல்லயே. உனக்குத்தான் நல்லா வருமே.”

நான் சொல்லவில்லை. வெளியே போய், முறையெல்லாம் விட்டுவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து, “இப்பவே ஆஸ்பத்திரிக்கு” என்றேன்.

நெமானிதான் படகைத் தள்ளினார். எது வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. காலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தன் சட்டையைக் கழற்றி அவள் காலுக்கடியில் வைத்தார். பாதி வழியில் மதினி கண்ணைத் திறந்து, “கடைசியில படகு கெடச்சிருச்சு பாத்தியா” என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை காயத்தை ஆறவிடவில்லை. பத்து நாள் கழித்து முழங்காலுக்கு மேலேயும் எடுத்தார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ராத்து காலை வாங்கிக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் கடன் வாங்கின ஒரு திமிங்கலப் பல்லோடு ராத்து வீட்டு வாசலில் முழங்காலில் நின்றார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், மன்னித்தோம் என்றார்கள், அழுதார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அப்படி வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். யாரும் பிறகு அதைப் பேசக்கூடாது. யாரும் பேசவும் இல்லை. ஆனால் புது ராத்துவை உட்கார்த்தி வைத்தபோது அண்ணன் தானாகவே கதவோரப் பாயில் போய் உட்கார்ந்தார்.

தீவு என்ன ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறு ராத்திரி முடிந்து தடை திறந்ததும் சூவாக்காரர்கள் வந்து வாரக்கணக்கில் டார்ச் அடித்துத் தேடினார்கள். பதினோரு ஓணான் அகப்பட்டது. அதில் பெண் மூன்று. மூன்றையும் ஆண் சிலவற்றோடு கூண்டில் வைத்துப் பெரிய தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முட்டையிட வைத்து, குஞ்சு பெரிதானபிறகு திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். எப்போது என்று கேட்டால் ஆபீஸ் தம்பி வருஷங்கள் என்கிறான். பூனை இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் அந்த மூன்றும் இருந்திருக்காது என்றும் சொன்னான். வாத்துலோவாவில் இப்போது பூவரசு மண்டிக்கிடக்கிறது. பூவெல்லாம் கீழே விழுந்து காய்கிறது. அண்ணன்தான் இப்போது காவல். ஆபீஸ் அவருக்கும் படகு கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இது எதுவும் மதினிக்குத் தெரியாது. தடை திறப்பதற்கு முன்னாலேயே இடது காலும் வீங்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை.

நெமானி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலோரம் விசிறிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல சட்டை போட்டிருந்தார், எண்ணெய் தடவித் தலை வாரியிருந்தார். சபையில் பேசுகிற குரல் வரவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னபோது வந்த குரல்தான் வந்தது.

“உனைசி, எபராமா கேட்டது அவன் கேட்டது. நீ உன் வாயால ஒரு வார்த்த சொல்லணும். என் தம்பி கடைசிவரைக்கும் சொல்லல, அதான் போயிட்டான். தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு, போதும். நான் அத ராத்து சமாதியில கொண்டுபோயி வச்சுர்றேன். இந்தக் காலாச்சும் மிஞ்சட்டும்.”

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கும் நிம்மதி, அண்ணனுக்கும் நிம்மதி. சொல்லுங்க மதினி என்று நானும் அவள் கையை அழுத்தினேன். அவள் கையை உருவிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். மோவாயைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அங்கதான நேரா போறேன் நெமானி, நடுவுல எனக்கு எதுக்குத் தூது? தடை கேட்டது என் தப்பு, ஒடச்சது இல்லன்னு ராத்துகிட்ட நானே ஒத்தக் கால்ல நின்னு சொல்லிக்கிறேன். நீ வீட்டுக்குப் போயி வாசிதிகிட்ட சொல்லு, பிஸ்கட்ட நான்தான் கொன்னேன், குட்டிங்களையும் சேத்து, என் கையால. நான் மன்னிப்புக் கேக்க வேண்டியவ அவ ஒருத்திதான். கேட்டேன்னு சொல்லு, அழுதா அழட்டும், நீ கண்ண மூடிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுராத.”